விதிவிலக்குக்கு யார் கையொப்பமிடுவது? அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளின் கணினிச் சீராக்கமும் யாழ்ப்பாணமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளும் நெடுந்தீவு போன்ற இடங்களின் பிரதேச வைத்தியசாலைகளும் மாகாண நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. நோயாளருக்கு இந்தப் பிரிவு தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. காலையில் பருத்தித்துறையில் இரத்தப் பரிசோதனை செய்தவரை மாலையில் யாழ்ப்பாணத்துக்கு மாற்றினால், முடிவு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரு பக்கமும் கணினி இருப்பதால் மட்டும் அது நடந்துவிடாது. வலையமைப்பின் முகவரிகள், பயனர் கணக்குகள், கருவிகளின் பெயர்கள், கடிகாரங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

இதே சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்தித்தது அமெரிக்க இராணுவ மருத்துவக் கட்டமைப்பு. படையினர், ஓய்வுபெற்றோர், குடும்பத்தினர் என ஏறத்தாழ 95 இலட்சம் பேருக்கு அது பொறுப்பு. அவர்களுடைய பணமும் ஆளணியும் நம்மிடம் இல்லை. ஆனாலும் அவர்கள் தடுக்கி விழுந்த இடங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்வியை அவர்களால் சமாளிக்க முடிந்தது. ஒரு மருத்துவமனை நியமத்திலிருந்து விலக விரும்பினால் அதை அனுமதிக்கவோ மறுக்கவோ யாருக்கு உரிமை என்ற கேள்விதான் அவர்களை நீண்டகாலம் அலைக்கழித்தது.

மூன்று படைகள், மூன்று வலைகள்

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றுக்கும் தனி மருத்துவத் தலைமை இருந்தது. மரைன் படையினரைக் கடற்படை மருத்துவம் பார்த்தது. ஒவ்வொரு தலைமையும் தன் படையின் வலையமைப்பில், தன் படையின் பாதுகாப்பு விதிகளின்படி, தன் பாதீட்டில் கணினி வாங்கியது. அங்கே மென்பொருள் ஓரளவு பொதுவானதாகவே இருந்தது. மருந்துக் கட்டளை, ஆய்வுகூடம், முன்பதிவு ஆகியவற்றுக்கு 1980களின் இறுதியில் உருவெடுத்த சிஎச்சிஎஸ், வெளிநோயாளர் பதிவுக்கு ஆல்டா, விடுதி நோயாளருக்கு எசென்ட்ரிஸ். இருந்தும் சிஎச்சிஎஸ் ஒரே தரவுத்தளமாக இயங்கவில்லை. பெரிய மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் அது தனித்தனியாக நிறுவப்பட்டு, அந்தந்த இடத்துக்கேற்ற குறியீடுகளோடு வளர்ந்தது. பெயரளவில் ஒரே மென்பொருளை வைத்துக்கொண்டு உள்ளே வேறுவேறாகப் போவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

2013 ஒக்டோபர் 1ஆம் திகதி பாதுகாப்புச் சுகாதார முகமை என்ற பொது அமைப்பு தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் அது பொதுச் சேவைகளை வழங்கும் அமைப்பு மட்டுமே. மருத்துவமனைகளின் நிர்வாகம் படைகளிடமே இருந்தது. 2017 நிதியாண்டுக்கான தேசியப் பாதுகாப்பு அதிகாரச் சட்டத்தின் 702ஆம் பிரிவுதான் மருத்துவமனைகளை நிர்வகிக்கும் பொறுப்பை அந்த முகமைக்கு மாற்றியது. கணினிச் சீராக்கத்தைப் பற்றிப் பேசுவோர் இந்தச் சட்டப் பிரிவைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கேபிளும் சேர்வரும் அதற்கு முன்னரும் வாங்கப்பட்டன. ஆனால் ஒரு மருத்துவமனைக்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமையை முகமைக்குக் கொடுத்தது இந்த மாற்றந்தான்.

வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது

2015 ஜூலையில் லெய்டோஸ் என்ற நிறுவனத்தின் தலைமையிலான கூட்டுக்கு 430 கோடி டொலர் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. சேர்னர், அக்சென்சர், ஹென்றி ஷைன் ஆகிய நிறுவனங்களும் அந்தக் கூட்டில் இருந்தன. எம்எச்எஸ் ஜெனிசிஸ் என்று பெயரிடப்பட்ட புதிய பதிவேடு 2017இல் வாஷிங்டன் மாநிலத்தின் நான்கு இடங்களில் தொடங்கியது: பெப்ரவரியில் ஃபெயர்சைல்ட் விமானப்படைத் தளம், ஜூலையில் ஓக் ஹார்பர் கடற்படை மருத்துவமனை, செப்டெம்பரில் பிரெமர்ட்டன், ஒக்டோபரில் மாடிகன் தரைப்படை மருத்துவ நிலையம். விடுதி நோயாளர் இல்லாத சிறிய இடத்தில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் பெரிய போதனா மருத்துவமனைக்கு ஏறிய வரிசை அது.

2018 ஏப்ரல் 30 திகதியிட்ட பாதுகாப்புத் திணைக்களத்தின் சோதனைப் பணிப்பாளரகத்தின் அறிக்கை இந்தக் கட்டமைப்பை ‘செயற்பாட்டில் பயன்தரவில்லை, பொருத்தமானதும் அல்ல’ என்று மதிப்பிட்டது. அளவுகோலாக எடுத்த 197 பணிகளில் 56 சதவீதத்தைத்தான் பயனர்களால் ஒழுங்காகச் செய்து முடிக்க முடிந்தது. பயன்பாட்டு எளிமைக்கு அவர்கள் அளித்த புள்ளி 100க்கு 37. பயிற்சி போதாமை, பணியோட்டங்கள் முடிவாகாமை, உதவி மேசையின் தாமதம் எனப் பல காரணங்கள் சேர்ந்திருந்தன. புதிய வலையமைப்பும் புதிய கணினிகளும் புதிய மென்பொருளும் ஒரே காலத்தில் வந்து இறங்கியதும் அவற்றுள் ஒன்று. திரை உறைந்து நின்றால் அது மென்பொருளின் குறையா, கணினிகளை வலையில் இணைக்கும் சுவிச்சின் குறையா, கணக்கு உரிமையின் குறையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்று அடுக்குகளை ஒரே நாளில் மாற்றினால் எந்தப் பழுதுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கமாட்டார்.

அடுத்த தொகுதி, டிராவிஸ் விமானப்படைத் தளம் உட்பட, 2019 செப்டெம்பரில்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் வரிசை மாற்றப்பட்டது. வலையமைப்பும் கணினிகளும் மென்பொருளுக்குப் பல மாதங்கள் முன்னரே நிறுவப்பட்டு, பழைய மென்பொருளோடு ஓடி நிலைபெற வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. முதலில் மாறிய இடங்களின் வைத்தியர்களும் தாதியரும் அடுத்த இடங்களுக்குப் போய்த் தோளோடு தோள் நின்று உதவினர். 2024 மார்ச்சில் வட சிக்காகோவின் லவல் மருத்துவ நிலையத்தோடு பரவல் நிறைவுற்றது.

முகவரித் திட்டம்

அவர்கள் கட்டிய அடித்தளத்தின் பெயர் மெட்-கோய். மூன்று படைகளின் மருத்துவமனைகளுக்கும் ஒரே மருத்துவ வலையமைப்பு. ஒரே பாதுகாப்பு எல்லை. ஒரே பயனர் கோப்பகம். மருத்துவ வலை இராணுவத்தின் பொது வலையின் மேல் ஓடினாலும் அதன் விதிகளை மருத்துவத் துறையே தீர்மானிக்கும்.

இதில் யாழ்ப்பாணம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது முகவரித் திட்டம். அதற்குப் பணம் தேவையில்லை, ஒரு தாளும் உடன்பாடும் போதும். கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.1.0 அல்லது 192.168.0.0 என்ற முகவரித் தொகுதியோடு வருகின்றன. இரண்டு வைத்தியசாலைகள் தனித்தனியாக இயங்கும்வரை அதனால் கேடில்லை. இணைக்கும் நாளில் இரு பக்கமும் 192.168.1.20 என்று ஒரு கருவி இருக்கும். முகவரி மொழிபெயர்ப்பு (இடையில் ஒரு கருவி முகவரியை மாற்றித் தருவது) வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். இணையம் பார்க்க அது போதும். எக்ஸ்ரே, ஸ்கான் படங்கள் போகும் டைகொம் நெறிமுறைக்கு அது பெருந்தொல்லை. ஒவ்வொரு கருவியும் மறுபக்கத்தை முகவரி, போர்ட் எண், பெயர் என்ற மூன்றாலும் அடையாளங் காண்கிறது. மொழிபெயர்ப்பில் முகவரி மாறினால் படம் அனுப்பும் பக்கம் ஏற்றாலும் திரும்பக் கேட்கும் பக்கம் மறுத்துவிடும்.

செய்ய வேண்டியது இது. 10இல் தொடங்கும் தனியார் முகவரியிலிருந்து மாவட்டத்துக்கு ஒரு /16 தொகுதியை ஒதுக்குங்கள் (கோட்டுக்குப் பின்னுள்ள எண் சிறிதானால் தொகுதி பெரிது). அதற்குள் 16 துண்டுகள் /20 அளவில் கிடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் 4096 முகவரிகள், அதாவது 256 கொண்ட 16 பெட்டிகள். போதனா வைத்தியசாலையின் தேவை ஒன்றுக்கு மேற்பட்டால் அடுத்தடுத்த இரு துண்டுகளைக் கொடுக்கலாம். நெடுந்தீவுக்குச் சில கணினிகளே இருந்தாலும் முழுத் துண்டையும் கொடுத்துவிடுங்கள். முகவரி வீணாகிறதே என்று கவலைப்படவேண்டாம். எல்லா இடத்திலும் முதலாம் பெட்டி வலைக்கருவிகள், இரண்டாவது சிகிச்சைக் கணினிகள், மூன்றாவது பிரின்டர்கள், நான்காவது ஆய்வுகூடக் கருவிகள், ஐந்தாவது கதிரியக்கம் என்று ஒரே இடவொழுங்கு இருந்தால், சாவகச்சேரியின் ஒரு பிரின்டர் வேலை செய்யாதபோது யாழ்ப்பாணத்தில் இருப்பவர் முகவரியைப் பார்த்ததுமே அது எங்கே, என்ன என்று சொல்லிவிடுவார். வீலான் (ஒரே கேபிளில் ஓடும் தனித்தனி வலைப்பிரிவு) எண்களையும் அதே ஒழுங்கில் வைத்துக்கொள்ளுங்கள். கமெரா, விருந்தினர் வைஃபை ஆகியவை கடைசிப் பெட்டிகளில், சிகிச்சைப் பெட்டிகளை எட்ட முடியாதபடி.

டைகொம் பெயருக்கு 16 எழுத்துக்கள் வரை இடமுண்டு. நிறுவிய பொறியியலாளர் தன் நிறுவனத்தின் பெயரையோ தொழிற்சாலை வைத்த பெயரையோ விட்டுப் போவது வழக்கம். அதனால் ஒரே பெயர் இரண்டு இடங்களில் வரும். முதல் மூன்று எழுத்து வைத்தியசாலை, அடுத்த இரண்டு கருவி வகை, பிறகு வரிசை எண் என்று வைத்து, புதிதாக நிறுவும் நாளிலேயே கேட்டு எழுதச் செய்ய வேண்டும். பின்னர் மாற்றுவதென்றால் கருவி நிறுவனத்தின் ஆளைக் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும்.

உள்நுழைவு

மெட்-கோய்க்கு முன், தரைப்படை மருத்துவமனையிலிருந்து கடற்படை மருத்துவமனைக்கு மாறும் வைத்தியருக்குப் புதிய கணக்கு திறக்க வேண்டியிருந்தது. 2011இல் வோல்ட்டர் ரீட் தரைப்படை மருத்துவமனையும் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் ஒன்றானபோது இந்தச் சிக்கல் ஒரே கட்டடத்துக்குள் வந்து நின்றது. படையினரிடம் ஏற்கெனவே சிப் பதித்த அடையாள அட்டை இருந்தது அவர்களுக்கு வாய்ப்பு. அட்டையைச் செருகி இரகசிய எண்ணை அழுத்தினால் போதும்.

நம்மிடம் அப்படியொரு அட்டை இல்லை. ‘விடுதி 5’ என்ற ஒரே கணக்கும், அதன் கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டிய தாளும் வருவது தாதியரின் அலட்சியத்தால் அல்ல. உள்நுழைய ஒன்றரை நிமிடம் எடுத்தால், 40 நோயாளரைப் பார்க்கும் சுற்றில் எவரும் ஒவ்வொரு முறையும் வெளியேறி உள்நுழையமாட்டார். ஆகவே நியமத்தில் ‘கணக்கைப் பகிரக் கூடாது’ என்று எழுதுவதற்கு முன், ‘ஒருவர் மாறி இன்னொருவர் உள்நுழைய 10 செக்கனுக்கு மேல் ஆகக் கூடாது’ என்று எழுத வேண்டும். இரண்டாவது நிறைவேறாமல் முதலாவதைக் கட்டாயப்படுத்த முடியாது.

தாமதத்தின் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. கணினி வெளியிணையத்தின் டிஎன்எஸ்ஸை (பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் சேவை) முதலில் கேட்டுக் காத்திருப்பது. பயனரின் கோப்புகளெல்லாம் அவர் போகுமிடமெல்லாம் பின்னால் இழுபட்டு வருவது. உள்நுழையும்போது பத்துப் பன்னிரண்டு பிரின்டர்களை ஒவ்வொன்றாகத் தேடி இணைப்பது. மூன்றையும் பணமின்றித் திருத்தலாம். அளக்கும்போது காலை எட்டு மணிக்கு, விடுதியில் நின்று அளக்க வேண்டும். மதியம் அலுவலகத்தில் எடுக்கும் அளவு பொய்யான ஆறுதலையே தரும்.

இது வசதியைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையில் சேர்க்கிறது. யார் பார்த்தார் என்று சொல்ல முடியாத ஒரு பதிவேட்டை எவராலும் காப்பாற்ற முடியாது.

நோயாளரின் அடையாளமும் இதே அடுக்கில் வருகிறது. தேசிய அடையாள அட்டை இலக்கம் பழையது ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்தது 12 எண். பழையதன் முன்னால் 19 சேர்த்து, அதன் ஐந்தாம் எண்ணுக்குப் பின் ஒரு 0 இட்டு, எழுத்தை நீக்கினால் புதியது கிடைக்கும். இந்த மாற்றத்தை மென்பொருள் தானே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு பேராகப் பதிவாவார். பெயரைத் தேடும் வேலையை பாமினி எழுத்துரு இன்னும் கெடுக்கிறது. அதில் தட்டிய தமிழ்ப் பெயர் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோட்டில் தேடுபவருக்கு அது அகப்படாது. புதிய கணினி ஒவ்வொன்றிலும் யூனிகோட் விசைப்பலகை மட்டும் இருக்கட்டும். பாமினியில் தட்டிப் பழகிய விரல்களுக்கு, அதே விசை ஒழுங்கில் யூனிகோட்டைத் தரும் செயலிகள் உண்டு.

பிரின்டர்கள்

புதிய மருத்துவப் பதிவேடு தொடங்கும் வாரத்தில் அதிகம் வரும் முறைப்பாடுகளில் அச்சு முன்னணியில் நிற்கும். இரத்தக் குழாய்க்கு ஒட்டும் 50க்கு 25 மில்லிமீற்றர் லேபல் மருந்துச் சிட்டைப் பிரின்டரில் வரும். மருந்துச் சிட்டை அடுத்த விடுதியில் வரும். பிரின்டரைப் பயனரோடு இணைப்பதே இதற்குக் காரணம். தாதி விடுதி மாறினாலும் அவருடைய பிரின்டர் பழைய விடுதியிலேயே நிற்கிறது. பிரின்டரைக் கணினியின் இடத்தோடு இணைக்க வேண்டும். லேபல் பிரின்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு உள்ளே இருக்காது. பெயரைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் கட்டம் கட்டமாக வராமல் எழுத்தாக வரும். தொடங்குவதற்கு இரு வாரம் முன்பு, ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு வகைப் படிவத்தையும் உண்மையாகவே அச்சிட்டுப் பார்த்து, வெளியே வந்த தாளில் அந்த இடத்தின் பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்த்து வைக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். இதைச் செய்யாமல் விட்டால் அந்த வேலையை முதல் திங்கட்கிழமை நோயாளர் வரிசையில் நிற்கும்போது செய்ய நேரிடும்.

தொட முடியாத கருவிகள்

ஆய்வுகூடப் பகுப்பாய்விகளுக்கும் ஸ்கான் இயந்திரங்களுக்கும் உள்ளே ஒரு சாதாரணக் கணினி இருக்கிறது. இயந்திரம் பத்துப் பதினைந்து ஆண்டு உழைக்கும். அதன் இயங்குதளத்துக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. விண்டோஸ் 7ஐ விடுவோம், விண்டோஸ் 10க்கே 2025 ஒக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இயங்குதளத்தை மாற்றினால் கருவியின் சான்றிதழ் செல்லாது என்று உற்பத்தியாளர் சொல்வார். அதுவும் நியாயமே.

2017 மே 12இல் பரவிய வன்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பிரித்தானியப் பொதுச் சுகாதாரச் சேவையின் மருத்துவமனைகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை திருத்தம் இடாத விண்டோஸ் 7 கணினிகள். திருத்தம் இடவே முடியாத கருவிகளைப் பொறுத்தவரை ஒரே காப்பு, தனிமைப்படுத்தல்: கருவி தன் சேர்வர் ஒன்றோடு, தேவையான ஒரு போர்ட்டில் மட்டும் பேசும், இணையத்துக்கோ பிற கணினிகளுக்கோ போகாது. இதற்கு ஒவ்வொரு கருவியின் இயற்பியல் முகவரி (வன்பொருளில் பதிந்த எண்), வலை முகவரி, இயங்குதளம், பேசும் திசை, பராமரிப்பவர் உள்ளே வரும் வழி ஆகியவற்றைக் கொண்ட பதிவேடு வேண்டும். கடைசி விடயத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தொலைவிலிருந்து பழுதுபார்க்க வசதியாகக் கருவியின் பின்புறம் செருகிய 4ஜி டொங்கிள், நீங்கள் கட்டிய மதிலுக்குப் பின்னால் திறந்து கிடக்கும் படலை.

கடிகாரங்களும் இங்கே வருகின்றன. மாதிரி எடுத்த நேரத்துக்கு முன்பே முடிவு வந்ததாகப் பகுப்பாய்வி சொன்னால் பதிவேடு அந்த முடிவை ஏற்காது. எல்லாக் கருவிக்கும் உள்வலையில் ஒரே என்டிபி மூலம் (சரியான நேரத்தைப் பகிரும் சேவை) வேண்டும். பழைய கருவிகளில் நேர வலயத்தையும் தனியாகப் பாருங்கள்: இலங்கை 1996இல் நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில்தான் உலக நேரத்துக்கு 5.30 மணி முந்திய நேரத்துக்குத் திரும்பியது. அதற்கு முந்திய மென்பொருள் இலங்கையைத் தெரிவு செய்தால் 6.00 என்றே எடுத்துக்கொள்ளும். முடிவுகள் அரை மணி நேரம் முன்னால் ஓடும்.

மின்சாரமும் மண்ணும்

இந்தப் பகுதிக்கு அமெரிக்க ஆவணங்களில் விடை கிடைக்காது. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புப் பாறை; மேல் மண் பல இடங்களில் மெல்லியது. ஏர்த் கம்பியை இரண்டு அடிக்கு மேல் இறக்கவே பாறை விடாத இடங்கள் உண்டு. மாரி மழை முடிந்த ஜனவரியில் ஏர்த் தடையை அளந்தால் நல்ல எண் வரும்; அதே கம்பி ஓகஸ்டில் காய்ந்த மண்ணில் பல மடங்கு காட்டலாம். அளவை வறட்சிக் காலத்தில் எடுத்து, அந்த எண்ணுக்கே கட்ட வேண்டும். ஒரு கம்பி போதாவிட்டால் இடைவெளி விட்டுப் பல கம்பிகளை இறக்கி இணைக்கலாம். நீளக் குழி வெட்டிச் செப்புப் பட்டியைக் கிடையாகப் புதைக்கலாம்.

கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கேபிள் இழுக்கவே கூடாது. 90 மீற்றருக்குள் வருகிறதே, கேட்-6 போதுமே என்று தோன்றும். இடி அருகில் விழும்போது இரு கட்டடங்களின் ஏர்த்தும் வெவ்வேறு மின்னழுத்தத்துக்கு ஏறும்; அந்த வேறுபாடு கேபிள் வழியே பாய்ந்து இரு முனைச் சுவிச்சுகளையும் எரித்துவிடும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வரும் இடிமழை இதைத் தேடிக் கண்டுபிடிக்கும். உலோகக் கவசம் இல்லாத ஒற்றைமுறைப் பைபர் (ஒளியிழை) போட்டால் இந்த வழி அடைபடும்.

சேர்வர் அறைக்குப் பெரிய யூபிஎஸ் வாங்கிவிட்டு, விடுதி மூலையில் இருக்கும் சுவிச்சை மறப்பது வழக்கமான பிழை. வழியில் ஒரு சுவிச் அணைந்தாலே சேர்வர் இருந்தும் பயனில்லை. கணக்கு எளிது: சுவிச்சுக்கு 40 வோட், அது ஊட்டும் பத்து வைஃபை கருவிகளுக்கு 12 வோட் வீதம் 120, மொத்தம் 160. அரை மணிக்கு 80 வோட்-மணி. 12 வோல்ட் 9 ஆம்பியர்-மணிப் பற்றரி ஒன்றில் 108 இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த 9 என்பது 20 மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. அரை மணிக்குள் எடுத்தால் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். மாற்றியின் இழப்பும் உண்டு. எனவே இரண்டு பற்றரி, அதுவும் புதிதாக இருக்கும்வரை. ஈயப் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகிறது. மூடிய அலுமாரிக்குள் 35 பாகை சாதாரணம். நான்காண்டுப் பற்றரியை இரண்டாண்டில் மாற்றும் செலவை முதலிலேயே பாதீட்டில் எழுதுங்கள்.

அன்பளிப்பும் பதிவேடும்

நமக்கு மட்டுமே உரிய ஒரு நுழைவாயில், புலம்பெயர்ந்த உறவுகளின் அன்பளிப்பு. போரின் காலத்திலும் பின்னரும் இங்குள்ள வைத்தியசாலைகளுக்கு அவர்கள் செய்தது அளப்பரியது. அந்தக் கையைத் தடுப்பது சீராக்கத்தின் வேலை அல்ல. ஆனால் கனடாவிலிருந்து வரும் லேசர் பிரின்டர் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. மடிகணினியின் மின்வழங்கி 100 முதல் 240 வரை தாங்கும். லேசர் பிரின்டரின் சூடாக்கி தாங்காது, இங்குள்ள 230இல் செருகினால் முதல் தடவையே போய்விடும். ஜேர்மனி, சுவிஸ் கணினிகளின் விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பிரான்ஸிலிருந்து வருவதில் எண்களுக்கே ஷிப்ட் அழுத்த வேண்டும். கடவுச்சொல் தவறு என்று கணக்குப் பூட்டுப்படுவதும், மருந்தின் அளவைத் தட்டும்போது எண்ணுக்குப் பதில் குறியீடு விழுவதும் இதனால்தான்.

இதற்கு மறுப்புக் கடிதம் தேவையில்லை, ஒரு பக்க விபரக்கொத்து போதும். எந்த வகை, அதிகபட்ச வயது, மின்னழுத்தம், செருகி, விசைப்பலகை, எந்த லேபல் அளவு என்பதையெல்லாம் எழுதிப் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் முன்கூட்டியே கொடுக்கலாம். தர விரும்புபவர் தேவையானதையே தருவார். பயன்படாத பெட்டி களஞ்சியத்தில் கிடப்பதைக் காண அவருக்கும் மனம் வராது. பற்றரி, லேபல் சுருள், பைபர் முனைகள் போன்ற கண்ணைக் கவராத பொருட்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விபரக்கொத்துக்குள் அடங்காதவை வரும். ஓர் அரிய சத்திரசிகிச்சைக் கருவி பழைய இயங்குதளத்தோடு வரலாம். அது உயிர் காக்கும் என்றால் வாங்கத்தான் வேண்டும். இங்கேதான் அமெரிக்க அனுபவம் நேரடியாகப் பயன்படுகிறது. விதிவிலக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: என்ன, ஏன், எந்தத் தனிமைப்படுத்தல், யார் பொறுப்பு, எந்தத் திகதியில் முடிவுறும். முடிவுத் திகதி இல்லாத வரியை ஏற்கக் கூடாது. கையொப்பம் கணினிப் பிரிவினுடையதாக இருக்கக் கூடாது. ஆபத்தை ஏற்பவர் வைத்தியசாலையின் பணிப்பாளர் அல்லது வைத்திய அத்தியட்சகர், ஆகவே அவரே ஒப்பமிட வேண்டும். மாகாணப் பக்கத்தில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரும் சேர்ந்து ஒப்பமிடுவார்.

இரு நிர்வாகங்களின் கீழ் உள்ள இடங்களுக்கு 702ஆம் பிரிவு போன்ற சட்டம் இங்கே வரப்போவதில்லை. லவல் மருத்துவ நிலையம் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு. அது 2010 முதல் படைத்துறையும் முன்னாள் படையினர் திணைக்களமும் சேர்ந்து நடத்தும் மருத்துவமனை. ஒரே கூரையின் கீழ் இரண்டு பதிவேடுகள் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடின. இரு தலைமையும் ஒரே பதிவேட்டை ஏற்றுக்கொண்ட பின்தான், 2024இல், அது தீர்ந்தது. உடன்பாட்டின் பரப்பைச் சிறிதாக வைத்தால் விரைவாக முடியும். முகவரித் திட்டம், பெயரிடல், நேரம், கணக்கு, கருவிப் பதிவேடு, விதிவிலக்கு ஆகிய ஆறை மட்டும் இரு பக்கமும் ஏற்கட்டும். எந்த நிறுவனத்தின் சுவிச், எந்த மென்பொருள் என்பதை அவரவர் கொள்வனவு முறைக்கே விட்டுவிடலாம். இங்குள்ள வைத்தியசாலைப் பதிவேட்டு மென்பொருளான எச்எச்ஐஎம்எஸ் ஓடினாலும் வேறொன்று ஓடினாலும் இந்த ஆறும் மாறாது.

எங்கிருந்து தொடங்குவது

ஃபெயர்சைல்டில் தொடங்கியது விடுதியும் சத்திரசிகிச்சைக் கூடமும் இல்லாத இடத்தில். அங்கே சரியானது மாடிகனுக்குச் சரியாகும் என்று சொல்ல அது போதவில்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையைத் தெரிவது நல்லது: ஆய்வுகூடம், மருந்தகம், விடுதிகள், சத்திரசிகிச்சைக் கூடம் எல்லாமே உண்டு, எண்ணிக்கை கைக்குள் அடங்கும். அதோடு கூடவே நெடுந்தீவையும் எடுக்க வேண்டும். குறிகட்டுவானிலிருந்து படகில் போக ஒரு மணி நேரமாகும் இடத்துக்கு ஒரு சுவிச்சை மாற்ற ஆள் போவதென்றால் முழு நாள். ஆகவே அங்கே உதிரிச் சுவிச்சும் உதிரி ரவுட்டரும் முன்கூட்டியே அமைப்புகள் ஏற்றி, வர்ணம் தீட்டிய கேபிள்களோடு அலுமாரியில் இருக்க வேண்டும். தொலைபேசியில் ‘நீலக் கேபிளைப் புதியதில் முதலாம் துளையில் செருகுங்கோ, அண்ணை’ என்று சொன்னால் மருந்தாளரே மாற்றும்படி.

இணைப்பு அறுந்தால் வேலை நிற்கக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் யூபிஎஸ்ஸில் ஒரு கணினியும் அதோடு நேரடியாகச் செருகிய ஒரு பிரின்டரும். அந்தக் கணினி, விடுதியில் உள்ளோரின் மருந்துப் பட்டியலையும் ஒவ்வாமைகளையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மறையீடு செய்து தனக்குள் எழுதிக்கொள்ளும். இதை மாதம் ஒருமுறை, வேலைநாளில், தாதியருக்கு முன்னறிவித்து, வெளி இணைப்புக் கேபிளைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். மீள இணைத்த பின் காகிதத்தில் எழுதியவற்றை யார், எந்த நேரத்தைக் குறித்து உள்ளிடுவது என்பதும் அன்றே சோதிக்கப்பட வேண்டும்: மருந்து கொடுத்த நேரத்தை இடாமல் தட்டச்சு செய்த நேரம் பதிவானால், அடுத்த வேளை மருந்து தவறிப்போகும்.